ஒரே ஒரு எண்ணுக்குள் அடங்காத சரக்கு: களஞ்சிய மென்பொருளோடு சில ஆண்டுகள்

நான் பயன்படுத்திவரும் கொள்வனவு, களஞ்சிய மென்பொருளின் ஆண்டுச் சந்தாவைக் கணிசமாகக் குறைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த கையோடு, கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடை நடத்தும் நண்பர் ஒருவர், வாங்கலாமா என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லித் தீராததால் எழுதுகிறேன். வசதிகளின் பட்டியலை விற்பனைத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்; நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் மிளகாயும் வெங்காயமும் மொத்தமாக விற்கும் ஒருவன் அதோடு மாரடித்ததில் கண்டது மட்டுமே இங்கே உள்ளது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூட்டை களஞ்சியத்துக்குள் நுழையும்போதே தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் கைப்பேசியில் பதிவாகிவிடுகின்றன. சிட்டை போடும்போது, முதலில் காலாவதியாகப்போகும் தொகுதி எந்த அடுக்கில் இருக்கிறது என்று அதுவே காட்டுகிறது. வேறு தொகுதியின் மூட்டையை ஸ்கேன் செய்தால் சிட்டையை முடிக்கவே விடுவதில்லை. முன்பெல்லாம் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் கைக்கெட்டிய முன்வரிசையைத்தான் தூக்குவார்கள். பின்சுவரோரம் கிடக்கும் செத்தல் மிளகாய், நிறம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்த பிறகே வெளிச்சத்துக்கு வரும். இப்போது அப்படிக் கழிபடும் மூட்டை அரிது. திரை தமிழிலும் சிங்களத்திலும் மாறுவதால், ஸ்டோர் கீப்பர் யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானபோதும் சிட்டைகளில் ஒரு சிக்கலும் வரவில்லை.

என் எரிச்சல் முழுவதும் ஒரு சிறிய கட்டத்தின் மேல்தான். ஒவ்வொரு பொருளுக்கும், கட்டளையிட்ட நாளிலிருந்து சரக்கு வந்துசேர எத்தனை நாள் என்று கேட்கும் அந்தக் கட்டம், ஒரே ஒரு எண்ணை மட்டுமே ஏற்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வர ஒரு நாள்கூடத் தேவையில்லை. ஆனால் வங்கியில் எல்.சி. (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறப்பது, ஆவணங்கள் வந்துசேர்வது, தாவரத் தடுப்புக்காப்புப் பரிசோதனை, சுங்கம் என்று எந்த இடத்தில் எத்தனை நாள் போகும் என்பதை எந்த வியாபாரியும் ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது. அவுஸ்திரேலியாவிலிருந்து வரும் மைசூர் பருப்புக்கு இந்த ஆட்டம் இன்னும் பெரிது.

இது வெறும் மனக்குறை அல்ல, கணக்கு. ஒரு பொருள் நாளொன்றுக்குச் சராசரியாக 40 மூட்டை விற்கிறது, அதன் திட்ட விலகல் (விற்பனை சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 10 மூட்டை, சரக்கு வந்துசேர 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். 25இன் வர்க்கமூலமான 5ஐ 10ஆல் பெருக்கினால் 50. சரக்கு தீர்ந்துபோகாது என்ற 95 சதவீத உறுதிக்காக அதை 1.65ஆல் பெருக்கி, பாதுகாப்பு இருப்பாக, அதாவது எதிர்பாராததற்காகக் கூடுதலாக வைக்கும் சரக்காக, ஏறக்குறைய 82 மூட்டை போதும் என்கிறது மென்பொருள். ஆனால் வந்துசேரும் காலமும் 6 நாள் விலகலோடு ஆடுமானால், 40ஐ 6ஆல் பெருக்கிய 240 மூட்டையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 245, பாதுகாப்பு இருப்பு 404 மூட்டை. மென்பொருள் சொன்னதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எங்கள் தொழிலில் நிச்சயமின்மை வாடிக்கையாளரிடமிருந்து வருவதைவிட, துறைமுகத்திலிருந்தும் வங்கியிலிருந்தும் வருவதே அதிகம். இந்த மென்பொருளோ வாடிக்கையாளரை மட்டுமே சந்தேகிக்கிறது.

டொலர் தட்டுப்பாட்டில் 2022இல் உணவுக் கொள்கலன்கள் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்ததைப் பார்த்த ஊர் இது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து, மறு ஆண்டு மே மாதம்தான் தடையை நீக்கியது. அத்தகைய திடீர்த் தடையை எந்த மென்பொருளும் முன்னறிவிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த மாதங்களிலும், பம்பாய் வெங்காயத்துக்கு நேரே அதே பழைய எண்ணை வைத்துக்கொண்டு, “இன்று கட்டளையிடுங்கள்” என்று காலைதோறும் பச்சை எழுத்தில் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்ததை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

உதவிப் பிரிவுக்கு எழுதினால், “சராசரியைப் போட்டால் போதும் சேர்” என்கிறார்கள். மேலும் எழுதினால், அடுத்த பதிப்பில் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பதிப்புகள் வந்தன, திரையின் நிறம் மாறியது, கட்டம் அப்படியே இருக்கிறது. கட்டளையிட்ட திகதியும் சரக்கு வந்த திகதியும் அவர்களுடைய தரவுத்தளத்திலேயே வரிவரியாக இருக்கும்போது, விலகலைக் கணிக்க அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கணக்கை நான் எக்செல் தாளில் தனியே போட்டு, கிடைக்கும் எண்ணைக் குறைந்தபட்ச இருப்பு என்ற கட்டத்தில் கையால் இடுகிறேன்.

நண்பர் தன் சரக்கை இறக்குமதி செய்வதில்லை. கொழும்பிலேயே இருக்கும் இறக்குமதியாளர்களிடம் வாங்குகிறார், சொன்ன நாளில் லொறி வந்துவிடுகிறது. எனவே அந்தக் கட்டம் அவரை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, மற்றதெல்லாம் அவருக்கு நன்றாகவே பொருந்தும். அப்படியிருந்தும் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். பயனாளர் திரும்பத் திரும்பக் கேட்ட ஒன்றைத் தொடாமல் விலையை மட்டும் குறைக்கும் நிறுவனம், நாளைக்கு அவருடைய தேவையையும் அப்படித்தான் நடத்தும். களஞ்சிய வேலைக்கு உதவுவதால் நான் அந்த மென்பொருளை விடப்போவதில்லை. ஆண்டுச் சந்தாச் சலுகையை வேண்டாமென்று சொல்லி, கூடுதலாகச் செலவானாலும் மாதக் கட்டணத்திலேயே தொடர்கிறேன்.