பட்டாவில் ஏர், கேட்பது சென்ட்: எக்செல் கன்வர்ட் ஃபார்முலா எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கம் பத்திரம் எழுதுகிற இடத்தில் டைப்பிங் வேலை எனக்கு. பட்டாவில் பரப்பளவு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்றுதான் இருக்கும். வருகிற அண்ணாச்சிகளுக்கோ அது ஆகாது. "ஏர் கீர்லாம் எனக்கு எதுக்குவே, எத்தன சென்ட்டுன்னு சொல்லும்" என்பார்கள். ஒரு ஏருக்கு 2.47 சென்ட் என்று கால்குலேட்டரில் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போய், ஆறு மாதமாக எக்செல்லில் கன்வர்ட் ஃபார்முலா போட்டு வருகிறேன்.

போடுவது சுலபம். முதலில் எண் இருக்கிற செல், அடுத்து இப்போது இருக்கிற அலகு, கடைசியில் நமக்கு வேண்டிய அலகு, அவ்வளவுதான். அலகுகளை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஏருக்கு 'ஏ ஆர்' என்ற இரண்டு ஆங்கில எழுத்து போதும், ஏக்கருக்கு 'யூகே' போட்டு அண்டர்ஸ்கோர் போட்டு ஏக்கர். யூஎஸ் ஏக்கர் என்றும் ஒன்று இருக்கிறது, தெரியாமல் அதைப் போட்டாலும் பயப்பட வேண்டாம், ஏக்கருக்கு இரண்டு உள்ளங்கை அளவுதான் வித்தியாசம் வரும். வருகிற விடையை 100ஆல் பெருக்கினால் சென்ட். 24.50 ஏர் என்றால் 60.54 சென்ட் என்று வந்து நிற்கும், கீழே இழுத்துவிட்டால் நாற்பது பட்டாவுக்கும் ஒரே நொடியில் கணக்கு முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. சென்ட் என்ற அலகே அதில் கிடையாது, கிரவுண்டும் கிடையாது, நகைக்கடைக்காரர்களுக்குப் பவுனும் கிடையாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு பார்க்கும். மில்லிமீட்டருக்கு இரண்டு எம்மும் சின்னதாக இருக்க வேண்டும், முதல் எம்மைப் பெரிதாகப் போட்டால் மெகாமீட்டர், அதாவது ஆயிரம் கிலோமீட்டர்! தச்சு வேலைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் கவனம். சம்பந்தமில்லாத இரண்டு அலகைக் கொடுத்தால் என்ஏ என்று கை விரித்துவிடும், அது நல்லதுதான்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். பட்டாவில் 1 ஹெக்டேர் 12 ஏர் என்று இருந்ததை அவசரத்தில் இடையில் கோடு போட்டு 1-12 என்று அடித்தேன். எக்செல் அதை டிசம்பர் 1ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டது. தேதி என்பது அதற்கு உள்ளுக்குள் வெறும் எண், 2024 டிசம்பர் 1 என்றால் 45,627. அத்தனை ஏரையும் மாற்றி 1,12,747 சென்ட் என்று காட்டியது. வர வேண்டியது 276.76. ஒரு சம்சாரிக்கு ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன்! தப்பு முழுக்க என்னுடையது. இப்போது ஹெக்டேருக்கு ஒரு நெடுவரிசை, ஏருக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துவிட்டேன், ஹெக்டேரை 100ஆல் பெருக்கி ஏரோடு கூட்டிய பிறகுதான் கன்வர்ட்.

பழைய எக்செல் 2007 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கன்வர்ட் அதிலும் இருக்கிறது, ஆனால் பரப்பளவு அலகு எதுவும் கிடையாது, 2.47105ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், விடை ஒன்றுதான். லிப்ரே ஆபீஸிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதே பெயரில் இந்த ஃபார்முலா உண்டு, காசு கொடுத்து எக்செல் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம், தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்து "கோட்டை விதைப்பாடுன்னு போட்டிருக்கு, இத மாத்திக் குடும்" என்று கேட்கிறவர்களும் உண்டு. எத்தனை கோட்டை நெல் விதைக்கிற நிலம் என்று சொல்லும் பழைய அளவு அது. அதற்கு எந்த ஃபார்முலாவும் உதவாது. சர்வே நம்பரைத் தேடிப் பிடித்துப் பட்டாவை எடுத்து, ஏரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.