பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டு கோட்டுக்குப் போறவை கவனம்: நான் ஏமாந்த கதை

அவுஸ்திரேலியாவில பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டு, அடுத்தது கோட் என்று நிற்கிற எங்கட சனத்துக்காக இதை எழுதுறன்.

நான் 2012 கடைசியில படகில வந்தவன். குடிவரவுத் திணைக்களம் மறுத்து, மீளாய்விலும் மறுப்பு வந்த கடிதத்தோட மெல்பேர்ண் டண்டினோங்கில ஒரு குடிவரவு ஏஜென்டிட்டப் போனன். ஊருக்குப் பக்கத்து ஆள் என்றுதான் நம்பினன். "ஒண்டுக்கும் யோசியாதை தம்பி. கோட்டில உன்ர கதையை முழுக்கத் திருப்பிச் சொல்லலாம், ஜட்ஜ் விசா தருவார். மூண்டு மாதம் டைம் இருக்கு" என்றார். 4,500 டொலர் காசாகக் குடுத்தன். ரசீது கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கேல்லை.

அவர் சொன்னதில ஒண்டும் உண்மையில்லை.

கோட்டுக்கு விசா தர அதிகாரமே கிடையாது. ஊரில எங்களுக்கு ஆபத்து இருக்கா, நாங்கள் சொன்னதை நம்பலாமா என்று அங்க திரும்ப விசாரிக்கமாட்டினம். முடிவெடுத்தவர் சட்டப்படி பிழை விட்டாரா என்றதைத்தான் பார்ப்பினம். நாங்கள் குடுத்த முக்கியமான ஆதாரத்தைக் கவனிக்காமல் விட்டது, சட்டம் சொல்லுற மாதிரி பதில் சொல்லச் சந்தர்ப்பம் தராதது, சட்டத்தையே பிழையாக விளங்கினது, இப்படியான பிழைகள். இருந்தால் முடிவை ரத்துச் செய்து திரும்ப விசாரிக்க அனுப்புவினம். அவ்வளவுதான் அங்க கிடைக்கக்கூடியது.

நாள் கணக்கும் பொய். 35 நாள்தான். அதுவும் கடிதம் கைக்கு வந்த நாளில இருந்து இல்லை, முடிவு எடுத்த திகதியில இருந்து. என்ர மனு 19 நாள் பிந்திப் போயிருக்கு. பிந்தினால் கால நீடிப்புக் கேட்கலாம், ஆனால் பிந்தின காரணத்தோட, வழக்கில சத்து இருக்கா என்றும் ஜட்ஜ் பார்ப்பார்.

வழக்கு அண்டைக்கு மெல்பேர்ண் வில்லியம் ஸ்ட்ரீட் கோட்டில நான் தனிய நிண்டன். ஏஜென்ட் வரேல்லை. வந்திருந்தாலும் பேசேலாது, ஏஜென்ட் உரிமம் மட்டும் வச்சிருக்கிற ஆள் கோட்டில ஒருத்தருக்காகவும் வாதாட முடியாது. லோயர் ஒருவர் மனுப் போட்டால், வெல்ல நியாயமான வாய்ப்பு இருக்கு என்று அவர் எழுத்தில உறுதிப்படுத்த வேணும். என்ர மனுவில அந்த இடம் வெறுமை. நானே எழுதினது மாதிரி என்ர கையெழுத்தை மட்டும் வாங்கியிருக்கிறார்.

ஜட்ஜ் பொறுமையாகத்தான் கேட்டார்: மூன்றாவது காரணத்தில ஹசாரா இனத்தவர் என்று இருக்கே, அது நீங்களா? மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில சொன்னபோது எனக்குக் கை நடுங்கினது. ஆரோ ஒரு ஆப்கானிஸ்தான்காரரின்ர மனுவைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். நான் 2009இல நடந்ததைச் சொல்ல வெளிக்கிட்டன். அது இங்க எடுபடாது என்று ஜட்ஜ் விளங்கப்படுத்தினார். கால நீடிப்பு மறுக்கப்பட்டது. எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சரின்ர வழக்குச் செலவும் என்ர தலையில.

பிறகுதான் ஒரு இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போனன். அங்க இருந்த லோயர் பிள்ளை முடிவுக் கடிதத்தை ஒவ்வொரு வரியாக வாசிச்சுப்போட்டு, "அண்ணா, இலங்கை மனித உரிமை ஆணைக்குழுவில உங்கட தங்கச்சி குடுத்த முறைப்பாட்டுத் துண்டை இன்டர்வியூவிலயே குடுத்தனீங்களா?" என்று கேட்டா. ஓம், குடுத்தனான். முடிவுக் கடிதத்தில அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேரத்துக்கு இதை வச்சு மனுப் போட்டிருந்தால் வாதாட ஒரு விசயம் இருந்திருக்கும் என்றா. அந்தத் துண்டு ஏஜென்டின்ர ஃபைலிலயே கிடந்தது.

மறுப்புக் கடிதம் வச்சிருக்கிறவை இண்டைக்கே அதில முடிவு எடுத்த திகதியைப் பாருங்கோ. மனு நீங்களே போட்டதாகக் காட்டச் சொன்னால் கையெழுத்து வைக்காதேங்கோ. கையில காசில்லை என்றால் கோட் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கலாம், அதையும் அந்த ஆள் எனக்குச் சொல்லேல்லை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசாங்கப் பதிவேட்டில பேர் போட்டுப் பார்க்க அஞ்சு நிமிசம் போதும். நான் பார்க்கேல்லை.