குரல் பதிவில் உங்கள் குரலைக் கேட்பது: மென்பொருள் வழியா, நேரடியாகவா?

வாய்ஸ் ஓவர் பேசும்போது ஹெட்போனில் உங்கள் குரலைக் கேட்க இரண்டு வழிகள் உண்டு. எடிட்டிங் மென்பொருள் வழியாகக் கேட்கலாம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியிலிருந்து நேரடியாகவும் கேட்கலாம்.

மென்பொருள் வழியில் சிக்கல் தாமதம்தான். ஒலி கணினிக்குள் போய், பஃபரில் (ஒலித் தரவைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் இடம்) காத்திருந்து, திரும்பி வரவேண்டும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் சிறு அளவீடு) எடுக்கும்போது, 512 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு திசைக்கே சுமார் 10.7 மில்லி விநாடி. போய்வர அதைப்போல் இரு மடங்கு, இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகும். சொந்தக் குரல் இப்படிப் பிந்தி வந்தால் பேசுவதற்கு இடைஞ்சலாக இருக்கும்; தாமதம் கூடக்கூட நாக்கும் தடுமாறலாம். பஃபரை 128க்கு இறக்கலாம். ஆனால் டைம்லைனில் கனமான வீடியோ ஓடினால் சத்தம் வெட்டி வெட்டிக் கேட்கும். ஈக்யூ (தொனியைத் திருத்துவது), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) போட்ட குரலைக் கேட்டுக்கொண்டே பேச விரும்புபவருக்கு மட்டும் இந்த வழி சரி.

நேரடி வழியில் நீங்கள் கேட்கும் குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வருவதில்லை. தாமதமும் காதுக்குத் தெரியாது. பேச்சுப் பதிவுக்கு என் ஓட்டு இதற்கே. ஒரே எச்சரிக்கை: மென்பொருளில் பதிவே ஆகாவிட்டாலும் ஹெட்போனில் குரல் அருமையாகக் கேட்கும். அதனால் மென்பொருளில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் அசைகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இரண்டு வழிகளையும் சேர்த்துப் போட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும். அதைத் தவிர்க்க மென்பொருள் வழியை அணைக்க வேண்டும். அடோபி பிரீமியர் புரோவில் டைம்லைன் பதிவின்போது இன்புட்டை மியூட் செய்யும் தேர்வு (பதிவு நிற்காது, மென்பொருள் வழியாக வரும் குரல் மட்டும் கேட்காது), ஆடியோ அமைப்புகளில் இருக்கிறது. எந்த வழியானாலும் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.