திருச்சியில் ஒரு கூட்டத்தைத் தேடி

தங்கை மகளின் திருமணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் திருச்சிக்கு வந்திருந்தேன். நான் குடியை நிறுத்தி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஏழு ஆண்டுகளில் வாரம் ஒருமுறையாவது, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை என்பதால், தாய்மாமன் சீருக்கான பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் முன்பே ஊரில் அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று தேடத் தொடங்கினேன். கல்யாண வீட்டில் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், "ஒண்ணே ஒண்ணு மாமா" என்று கிளாஸை நீட்டும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. அது கூடுவதற்குள் மற்றக் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டியிருந்தது.

கைப்பேசியில் கிடைத்த முகவரி ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டியது. வாசலில் நின்ற காவலாளியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தெருவை இரண்டுமுறை சுற்றி வந்தேன். கடைசியில், "குடியை விட்டவங்க கூடுவாங்களாமே" என்று கேட்டபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர்கள் இடம் மாறிப் பல மாதங்கள் ஆகின்றன என்றார். உறுப்பினர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை மரபு; ஆகவே பெரிய பலகை எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே தெருமுனையில் மதுக்கடை இருந்தது. 2003 முதல் மாநிலத்தின் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருப்பதால், அந்தப் பச்சைப் பலகையைத் தேடி யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

அன்று மாலை இயக்கத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் என் முழுப்பெயரையோ வேலையையோ கேட்கவில்லை, "இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும், மத்தியப் பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். சங்கடத்துடன் நன்றி சொன்னபோது, உங்களை அழைத்துப் போவது நான் இன்று குடிக்காமல் இருப்பதற்காகவும்தான் என்றார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வணிகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் இந்த இயக்கத்தைத் தொடங்கியதும் இதே கணக்கில்தான்: ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் பேசும்போது இருவருமே அந்த நாளைக் கடந்துவிடுகிறார்கள்.

கூட்டம் ஒரு தேவாலய வளாகத்தின் பின்புற வகுப்பறையில் நடந்தது. இடம் மட்டுமே தேவாலயத்துடையது. வந்திருந்த இருபது பேரில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள், தொப்பி அணிந்த ஒருவரும் இருந்தார். இந்தக் கூட்டங்களில் சொல்லப்படும், மன அமைதிக்கான சிறு பிரார்த்தனையை நான் தமிழில் கேட்டது அன்றுதான் முதல்முறை. சிங்கப்பூரில் ஏழு ஆண்டுகளாக ஆங்கிலத்திலேயே பேசிப் பழகியவன் நான். அப்பாவின் இறுதிச் சடங்கன்று போதையில் கிடந்ததை அங்கே பத்துமுறையாவது சொல்லியிருக்கிறேன், குரல் நடுங்கியதில்லை. இங்கே என் முறை வந்தபோது, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, "கொள்ளி வைக்க வேண்டியவன் நான், தம்பி வைத்தான்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கொள்ளி என்ற சொல் அதுவரை என் வாக்குமூலத்தில் வந்ததே இல்லை. யாரும் இடைமறிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அடுத்தவர் பேசத் தொடங்கினார். வீட்டில் குடிகாரன் என்றே அழைக்கப்பட்டவர்கள் அந்த அறைக்குள் தங்களைக் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்வதில் இருக்கும் தூரம் தமிழில் கேட்டால்தான் முழுமையாகப் புரிகிறது.

அன்று ஒருவர் குடிக்காமல் ஓராண்டை நிறைவு செய்திருந்தார். அதைப் பிறந்தநாள் என்று சொல்லி, மனைவியை அழைத்து, அவர் கையாலேயே துண்டு போர்த்தச் செய்தார்கள். குடும்பத்தினருக்கென அல்-அனான் என்ற தனிக் குழுவும் அதே வளாகத்தில் கூடுகிறது. எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: குடியிலிருந்து மீள வந்த பெண் ஒருவர்கூட அங்கே இல்லை. குடிக்கும் பெண்கள் ஊரில் இல்லை என்று நான் நம்பவில்லை. அந்த வாசலைத் தாண்டுவது அவர்களுக்கு இன்னும் கடினம் என்றே நினைக்கிறேன்.

என்னைப் போல் விடுமுறையில் வருபவர்கள் புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசி, இடம், நாள் இரண்டையும் உறுதிசெய்துகொள்வது நல்லது. வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். கட்டணம் கிடையாது, முடிவில் சுற்றி வரும் பையில் விரும்பியதைப் போடலாம். ஆனால் இது மருத்துவமனை அல்ல. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், அவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இயங்குகிறது. போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446.

திரும்புவதற்குள் ஐந்து கூட்டங்களுக்குப் போய்விட்டேன். முதல் நாள் ஸ்கூட்டரில் அழைத்துப்போனவருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், "மண்டபத்துல நம்ம ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று சிரித்துவிட்டு, வரவில்லை.