படம் விட்டு வர்ற வழியில என்ன பேசுனோம்? நான் மார்க் போடுறது அதுக்குத்தான்

மாசத்துக்கு ஒரு படம், மிஞ்சிப் போனா ரெண்டு. அம்மா, வைஃப், ஏழாவது படிக்கிற பொண்ணு, நான்னு நாலு பேரா தஞ்சாவூர் போய் பாத்துட்டு வருவோம். டிக்கெட், பாப்கார்ன், இன்டர்வெல்ல அம்மாவுக்கு ஒரு டீ, வர்ற வழியில டிபன்னு எல்லாம் சேத்தா ஆயிரத்து ஐநூறு ரூபா சாதாரணமா காலி. அவ்ளோ செலவு பண்றப்போ படம் நல்லா இருந்துச்சா இல்லையாங்கறதுக்கு நான் ஒரே ஒரு கணக்குதான் வெச்சிருக்கேன், தியேட்டரை விட்டு வெளிய வந்து வீடு போய் சேர்ற வரைக்கும் நாங்க நாலு பேரும் அந்தப் படத்தைப் பத்தி பேசுனோமா, இல்ல சட்னி சரியில்லன்னு பேசுனோமா. 2024லயும் 2025லயும் பாத்ததுல மனசுல நிக்கிறதை மட்டும் எழுதுறேன். எல்லாம் அந்த ரெண்டு வருஷத்துல வந்த படம்.

லப்பர் பந்துல இருந்து ஆரம்பிக்கறேன். 2024 செப்டம்பர்ல வந்துச்சு, தமிழரசன் பச்சமுத்துவோட முதல் படம். முதல் படம்னு யாராவது சொன்னாத்தான் தெரியும். கதை என்னன்னு பாத்தா ரொம்ப சின்னது, ஊர் ஊரா ரப்பர் பந்து டோர்னமென்ட் ஆடுற கெத்துன்னு ஒரு பேட்ஸ்மேன், அன்புன்னு ஒரு பையன், அன்பு அவரைப் பத்தி போற போக்குல சொன்ன ஒரு வார்த்தை அவர் காதுல விழுந்துடுது, அங்க பத்திக்குது ஈகோ, அப்புறம் பாத்தா அவன் லவ் பண்றது அவர் பொண்ணைத்தான். கெத்து வேஷத்துல அட்டகத்தி தினேஷ் பேட்டோட நடந்து வர்றப்போ 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' போடுவாங்க பாருங்க, தியேட்டரே எந்திரிச்சு நிக்குது. அது 1989ல வந்த பொன்மனச் செல்வன் பாட்டு. அந்தப் படத்து ஹீரோ கேப்டன் விஜயகாந்த் இறந்து ஒரு வருஷம் கூட ஆகாத நேரம் அது, எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர் அந்தப் பாட்டு முடியற வரைக்கும் கைதட்டிக்கிட்டே இருந்தார், கண்ணு கலங்கி இருந்துச்சு.

எங்க ஊர்லயும் அறுப்பு முடிஞ்ச வயல்ல கோடு போட்டு ஆடுவோம். எவ்ளோ நல்லா பவுலிங் போட்டாலும் தெருவைப் பாத்துத்தான் டீம்ல எடுக்குறதுங்கறதை நானே கண்ணால பாத்திருக்கேன், அதனால ஊர் டீம்ல இடம் கிடைக்காம அன்பு வெளிய நிக்கிற சீன் எல்லாம் எனக்கு சினிமாவாவே தெரியல. அதை பக்கம் பக்கமா வசனம் பேசாம ஆட்டத்துக்குள்ளயே வெச்சு சொன்னதுதான் படத்தோட பெரிய பலம். வர்ற வழியில வைஃப் பூரா, கெத்து பொண்டாட்டியா வர்ற ஸ்வாசிகா புராணம்தான், "பேட்டைத் தூக்கிட்டு போறவனுக்குத்தான் பாட்டு போடுறாங்க, வீட்ல உலை வைக்கிறவ கோவத்தையும் இந்தப் படத்துலதாங்க ஒழுங்கா காட்டியிருக்காங்க"ன்னா. சரியாத்தான் சொன்னா.

அடுத்த வாரமே மெய்யழகன். இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது. 1996ல தஞ்சாவூர் வீட்டை சொந்தக்காரங்க கிட்ட இழந்துட்டு மெட்ராஸ் போன குடும்பம், இருபது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்துக்காக அரவிந்த்சாமி நீடாமங்கலம் வர்றார். மண்டபத்துல கார்த்தி வந்து அத்தான் அத்தான்னு ஒட்டிக்கிறார், ஆனா இவருக்கு அவர் யாருன்னே ஞாபகம் இல்ல, பேர் கூட தெரியல, கேக்கவும் கூச்சம். எங்க ஏரியாவுல எந்தக் கல்யாணத்துக்கு போனாலும் இது நடக்கும். "என்ன மாப்ள, என்னைத் தெரியலையா"ன்னு ஒருத்தர் கையைப் பிடிச்சுக்குவார், நாம சிரிச்சு வெச்சுட்டு அம்மாவைத் தேடுவோம். அதை வெச்சு ஒரு முழுப் படம் பண்ண முடியும்னு யாருக்குத் தோணும், டைரக்டர் பிரேம்குமாருக்குத் தோணிருக்கு.

மணமேடையில தங்கச்சிக்கு கொண்டு வந்த நகையை அரவிந்த்சாமியே போட்டு விடுற சீன் வந்தப்போ அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. அழுற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. படம் விட்டு பஸ் ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் ஒன்னும் பேசல, பஸ்ல ஏறி உக்காந்ததும் ஆரம்பிச்சாங்க, அவங்க பொறந்த வீட்டுத் திண்ணை, கொல்லையில இருந்த கிணறு, பாகப்பிரிவினையில அது பெரியப்பா வீட்டுக்கு போனது, அப்புறம் வித்துட்டது, இதெல்லாம் நாப்பது வயசுல நான் முதல் தடவையா கேக்கறேன். படத்துல ராஜ்கிரண் பண்ற சொக்கு மாமா மாதிரி ஒருத்தர் அவங்களுக்கும் இருந்திருக்கார், கோவிந்தன் மாமான்னு.

குறையும் சொல்லணும்ல. நைட்டு ரெண்டு பேரும் உக்காந்து பேசுறதுல பழைய வரலாறு, போர், வீரம்னு போனப்போ எனக்குமே கொஞ்சம் நீளமாத்தான் பட்டுச்சு. ரிலீஸ் ஆன சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டிட்டாங்க. நாங்க பாத்தது முழுப் படம். எனக்கு இப்போ என்ன தோணுதுன்னா, வெட்டாமலே விட்டிருக்கலாம், ராத்திரி சொந்தக்காரன் கூட உக்காந்தா பேச்சு அப்படித்தான் எங்கேயோ போய் எங்கேயோ வரும், அந்த நீளம்தான் அந்த ராத்திரி. கோவிந்த் வசந்தா இசையில கமல் பாடியிருக்கற பாட்டுக்காகவே நான் இன்னொரு தடவை கூட தியேட்டர்ல பாத்திருப்பேன், அதுக்குள்ள தியேட்டர்ல இருந்து படத்தைத் தூக்கிட்டாங்க.

தீபாவளிக்கு அமரன். மேஜர் முகுந்த் வரதராஜன் கதை, 2014ல காஷ்மீர்ல உயிரை விட்டவர், முடிவு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் உக்காந்து பாக்க வெச்சதுக்கு அவர் மனைவியா வர்ற சாய் பல்லவிதான் காரணம்னு நான் சொல்வேன். போன்ல பேசிட்டு சிரிச்ச மாதிரியே வெச்சிருக்கற முகம், போனை வெச்ச அடுத்த நொடி மாறுறதைப் பாருங்க. சிவகார்த்திகேயன் உடம்பை ஏத்தி நல்லாத்தான் பண்ணியிருக்கார், ஆனா சண்டை சீன் எல்லாம் கொஞ்ச நாள்ல மறந்து போச்சு, அந்தப் பொண்ணு முகம் மறக்கல. வர்ற வழியில யாருமே வாயைத் திறக்கல, பாப்பா மட்டும் அவ அம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்தா.

நடுவுல ஒரு பெரிய பட்ஜெட் படம், பேர் வேண்டாம். அம்மா முதல் அரை மணி நேரத்துலயே காதைப் பொத்திக்கிட்டாங்க, அவ்ளோ சத்தம், எல்லாரும் கத்துறாங்க, கேமராவும் சேர்ந்து கத்துற மாதிரி இருந்துச்சு. தியேட்டர்ல சவுண்டைக் குறைக்க சொல்லி போய் கேட்டேன், சரி சார்னு சொன்னாங்க, குறைக்கல. வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றவங்களை இவங்க யாருமே நினைக்கறதில்ல, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2025 ஜனவரியில குடும்பஸ்தன். வேலை போனதை வீட்ல சொல்லாம மணிகண்டன் சமாளிக்கறதும், மாப்பிள்ளை முறுக்கோட குரு சோமசுந்தரம் உள்ள வர்றதும், சிரிச்சு வயிறு வலிச்சுச்சு. செகண்ட் ஹாஃப்ல கடனுக்கு மேல கடன்னு ஏத்திக்கிட்டே போனதுல கொஞ்சம் தொய்வு, ஆனா கோயம்புத்தூர் பேச்சு சுத்தமா இருந்துச்சு.

மே 1க்கு டூரிஸ்ட் ஃபேமிலி. இலங்கையில பொழைக்க வழியில்லாம போட்ல ராமேஸ்வரம் வந்து இறங்கி, சென்னையில ஒரு காலனியில குடியேறுற குடும்பம். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியக் கூடாது, அதனால பேச்சையே அடக்கிக்கணும். தமிழ் பேசுற ஊருக்கு வந்தும் தன் தமிழைப் பேசப் பயப்படணும்னா அது எவ்ளோ பெரிய கொடுமை, இதை யோசிச்சுக்கிட்டே நான் பாதி படம் பாத்தேன். சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பொண்டாட்டியாவே இருக்காங்க. சின்னப் பையன் கமலேஷ் வர்ற இடமெல்லாம் பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சா. அந்தக் காலனியில ஆளுக்கு ஆள் ரொம்ப சுலபமா நல்லவங்களா மாறிடறாங்கன்னு ஒரு குறை சொல்லலாம்தான், ஆனா மறுநாள் காலையில எங்க அம்மா எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணத்துல பால் பாயாசம் கொடுத்து விட்டாங்க, அவங்க குடி வந்து எட்டு மாசம் ஆச்சு, அது வரைக்கும் பேர் கூட கேட்டதில்ல. இதுக்கு மேல என்ன மார்க் போடுறது.

3பிஹெச்கே பாத்தப்போ சரத்குமாரையும் தேவயானியையும் சேத்துப் பாத்ததுமே அம்மா "சூர்யவம்சம்"னாங்க சத்தமா, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாத்து சிரிச்சார். சொந்த வீடு வாங்க காசு சேக்கறதும், கை நிறைஞ்சதும் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி, கல்யாணம்னு ஒன்னு வந்து வாரிக்கிட்டு போறதும்தான் படம். கொஞ்சம் பிழியறாங்க. ஆனா எங்க அப்பா டைரியில பால் கணக்குக்கு கீழ "மனை சீட்டு 500"னு எழுதி அடிச்சிருப்பார், மாசா மாசம் எழுதி மாசா மாசம் அடிச்சிருப்பார், அதை நான் பாத்திருக்கேன், அதனால என்னால குறை சொல்ல முடியல.

கடைசியா ஆகஸ்ட்ல கூலி. லோகேஷ், ரஜினி, அனிருத், எல்லாம் சரி. சௌபின் ஷாஹிர் வர்ற இடமெல்லாம் தீ, ஸ்ருதிக்குத்தான் அழறதைத் தவிர பெருசா வேலை இல்ல, ஃப்ளாஷ்பேக் இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கணும். ஆனா சர்டிஃபிகேட் 'ஏ'. எங்க அப்பா என்னைத் தோள்ல உக்கார வெச்சு ரஜினி படம் காட்டுனவர், நான் என் பொண்ணை அவ பாட்டி கூட வீட்ல விட்டுட்டு வைஃபை மட்டும் கூட்டிட்டுப் போனேன். கிளம்பறப்போ வாசல்ல நின்னு "தலைவர் என்ன பண்ணாருன்னு அப்படியே வந்து சொல்லணும்"னா. வர்ற வழியில பைக்ல நாங்க படத்தைப் பத்தி பேசவே இல்ல, எதை எதை அவகிட்ட சொல்லலாம், எதை விட்டுடலாம்னுதான் பேசிட்டு வந்தோம். அடுத்த ரஜினி படத்தையாவது பசங்களும் பாக்கற மாதிரி எடுங்க சார்.