ரசாயனப் பதிவேட்டு மென்பொருள்: ஸ்டோர் ரூமில் எப்படி இருக்கிறது?

எங்கள் அலுவலகத்துக்கு ரசாயனப் பொருட்களைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள் ஒன்று வாங்கியிருக்கிறார்கள், ஸ்டோர் பொறுப்பில் இருப்பதால் தினமும் அதோடு மல்லுக்கட்டுவது நான்தான். அலுவலகத்தில் என்ன பெரிய ரசாயனம் என்று கேட்காதீர்கள். ப்ளீச், கழிவறை ஆசிட், தின்னர், பூச்சி மருந்து, பேட்டரி ஆசிட், ஜெனரேட்டர் டீசல் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது 16 பிரிவுகள் உள்ள எஸ்.டி.எஸ்.ஸை ஏற்றினால் போதும், ஆபத்துக் குறியீடு, முதலுதவி, என்ன கையுறை போட வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பிரித்து எடுத்துக்கொள்கிறது. ப்ளீச் இருக்கும் அலமாரியிலேயே ஆசிட்டையும் வைப்பதாகப் பதிந்தால் சிவப்பில் எச்சரித்து, சேமிக்கவே விடாது. பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டில்களுக்கு ஊற்றி வைப்போமே, அவற்றுக்குப் பெயரும் சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரக் குறியீடும் உள்ள லேபிளை அச்சடித்துத் தருகிறது. பெயரே இல்லாத பாட்டில்கள் எங்கள் ஸ்டோரில் இப்போது இல்லை, இதற்காகவே வாங்கலாம். லேபிள் காகிதம்தான் மட்டம், ப்ளீச் வழிந்தால் எழுத்து போய்விடுகிறது, பிளாஸ்டிக் லேபிளைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் பெரிய குறை. பொருளின் பெயரை வைத்துத்தான் தாளை இணைக்கிறது, தயாரிப்பாளரை வைத்து அல்ல. பொதுத்துறையில் டெண்டர் மாறினால் சரக்கும் மாறும். பதிவேட்டில் 'கழிவறை கிளீனர்' என்றுதான் இருக்கும், ஆனால் பழைய கம்பெனியுடையது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், புதியது ப்ளீச் அடிப்படையில் செய்ததாக இருக்கலாம். மென்பொருளோ பழைய தாளையே காட்டிக்கொண்டிருக்கும், அலமாரி எச்சரிக்கையும் வராது. மிச்சமிருக்கும் பழையதோடு புதியதைச் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத கழிவறையில் துப்புரவுப் பணியாளரின் நுரையீரலைத்தான் அது முதலில் தாக்கும். இதைப் பிடிக்கத் தெரியாத மென்பொருளை எப்படி முழுசாக நம்புவது?

லேபிளில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் லாகின் பக்கம் வருகிறது. கண்ணில் ஆசிட் தெறித்தவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடும்போது யார் பாஸ்வேர்ட் தட்டுவார்கள்? முதலுதவி சொல்லும் 4-வது பிரிவாவது யார் ஸ்கேன் செய்தாலும் திறக்க வேண்டும், அதுவும் வேலை செய்பவருக்குப் புரியும் மொழியில். கேட்டோம், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை அந்தப் பக்கங்களை அச்சடித்து ஸ்டோர் கதவில் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஒப்பந்ததாரர்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் கேன்களும் இதன் கணக்கில் வராது, கொள்முதல் ஆணையில் இருப்பதை மட்டுமே இதற்குத் தெரியும். அதை டெண்டர் நிபந்தனையிலேயே சரிசெய்ய வேண்டும்: தாளைக் கொடுக்காமல் எந்தச் சரக்கும் வாசலைத் தாண்டக் கூடாது.

5-க்கு 3 கொடுப்பேன். வாங்க நினைப்பவர்கள் டெமோவுக்கு உங்கள் ஸ்டோர் கேன் ஒன்றையும், அதே வேலைக்கான வேறு கம்பெனி கேன் ஒன்றையும் எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒரே பெயரில் பதிந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு தாள்கள் தனித்தனியாக வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.