கார்பனேட்டா, சிட்ரேட்டா: எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு எந்தக் கால்சியம்?

மதுரையில் பைபாஸ் முறையில் எடை குறைப்பு அறுவை முடிந்து அக்கா காரைக்குடி வீட்டுக்கு வந்த வாரமே இந்தக் குழப்பம் வந்தது. டாக்டர் சீட்டில் எழுதியது கால்சியம் சிட்ரேட். மருந்துக்கடையில் கொடுத்தது கார்பனேட். "ரெண்டும் கால்சியம்தான் ஆச்சி, இதுல சத்து கூட" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அட்டையைப் படித்தால் அது சரியென்றே தோன்றும். கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21 சதவீதம்தான். 1250 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் கால்சியம் கிடைத்துவிடும். பைபாஸ், ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்குவது) இரண்டுக்குமே உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை கால்சியம் தேவை. அதை முழுக்க மாத்திரையிலேயே எடுத்தாலும் கார்பனேட் மூன்று போதும். சிட்ரேட் என்றால் 250 வீதம் ஆறு விழுங்க வேண்டும், செலவும் கூடும்.

ஆனால் வாயில் போடுவதெல்லாம் உடம்பில் சேராது. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகளில் பூசிய சுண்ணாம்பு இறுகி நிற்பதும் இதே கால்சியம் கார்பனேட்தான். மழைக்கு அசையாத அந்தப் பூச்சு எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். பைபாஸ் செய்தவருக்கோ வயிற்றில் மிஞ்சுவது ஒரு சின்னப் பை. அமிலம் சுரக்கும் பெரும்பகுதியை உணவு தொடுவதே இல்லை. போதாததற்கு, புண் வராமலிருக்க அமிலத்தை அடக்கும் மாத்திரை வேறு. கார்பனேட் எதில் கரையும்? கால்சியத்தை நன்றாக உறிஞ்சும் முன்சிறுகுடலும் வழியிலிருந்து விலகிவிட்டது.

சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை. சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். அரை இட்லியில் நிறைந்துவிடும் வயிற்றுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று அக்காவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கார்பனேட்டில் வரும் உப்புசமும் மலச்சிக்கலும் இதில் குறைவு. பைபாஸுக்குப் பின் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வகையிலும் சிட்ரேட் உதவும்.

ஸ்லீவ் செய்து, அமிலத்தை அடக்கும் மாத்திரையும் நிறுத்தியவர், செலவு தாங்காது என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்கலாம். பைபாஸ் என்றால் நான் சிட்ரேட் பக்கம்தான். சிட்ரேட் மாலேட் என்றும் விற்கிறார்கள், அதுவும் நன்றாகக் கரையும். ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே கால்சியம் மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். முதல் சில வாரங்களுக்கு மென்று தின்னும் வகையோ திரவமோ நல்லது.

எதை வாங்கினாலும் ஒரு வேளைக்கு 500, 600 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் வேண்டாம், மிச்சம் வீண். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். அக்கா காலை 6க்குத் தைராய்டு, 10:30, 3, 7 மணிகளில் இரண்டிரண்டு சிட்ரேட், இரவு 9:30க்கு இரும்பு என்று காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

வைட்டமின் டி3 இல்லாமல் எந்தக் கால்சியமும் சரியாக ஏறாது. அப்புறம், ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் நிரப்பிவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது பாராதைராய்டு ஹார்மோனை அளக்கும் பி.டி.ஹெச். பரிசோதனை. அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது வைட்டமின் டி-யோடு அதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.